பூஜ்யமும் ஒரு தகவல்தான்! ஆப்பிரிக்காவின் நோய்க் கண்காணிப்பு: வாசகர் கேள்வி – பதில்

எபோலா, குரங்கம்மை, காலரா என்று ஆப்பிரிக்காவிலிருந்து செய்தி வரும்போதெல்லாம் அதையொட்டிக் கேள்விகளும் வந்து குவிகின்றன. ‘இவ்வளவு தாமதமாகவா கண்டுபிடிப்பார்கள்?’ என்ற வியப்புதான் பலவற்றில். தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று விளக்க இடம் தரும் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஒருவர் காய்ச்சலும் ரத்தக்கசிவுமாகப் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தகவல் தலைநகருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? எங்கே தேங்குகிறது?

பதில்: பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகளில் இருப்பது ‘ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்பும் நடவடிக்கையும்’ என்ற முறை. சுருக்கமாக ஐடிஎஸ்ஆர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க வட்டாரக் குழு 1998-இல் ஹராரேயில் கூடியபோது இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் போலியோவுக்கு ஒரு படிவம், தட்டம்மைக்கு ஒரு படிவம், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி மேலதிகாரி. அத்தனை படிவத்தையும் நிரப்ப வேண்டியவர் மட்டும் ஒரே ஒரு செவிலியர்!

இப்போது சுகாதார நிலையத்தில் கண்காணிப்புக்கென்று ஒருவர் பொறுப்பில் இருப்பார். புறநோயாளிப் பதிவேட்டை நோய் வரையறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. ரத்தக்கசிவுக் காய்ச்சல், காலரா, மஞ்சள் காய்ச்சல், குழந்தைக்குத் திடீரெனக் கைகால் துவள்வது போன்றவற்றில் சந்தேகத்துக்குரிய நோயாளி ஒருவர் வந்தாலே போதும். 24 மணி நேரத்துக்குள் மாவட்ட அலுவலருக்குத் தகவல் போக வேண்டும்; பின்னாலேயே அந்த நோயாளிக்கான தனிப் படிவம் போகும். மற்ற நோய்கள் வாரக் கணக்கில் சேரும். நைஜீரியாவில் 774 உள்ளாட்சிப் பகுதிகளிலும் இதற்கென அலுவலர் உண்டு. அவரிடமிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து அபுஜாவிலுள்ள தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கும் தகவல் ஏறுகிறது.

தேக்கம் பெரும்பாலும் முதல் படியிலேயே. எபோலாவின் முதல் சில நாட்கள் மலேரியாவைப் போலவே இருக்கும்; பலருக்கு ரத்தக்கசிவே வராது. பதிவேட்டில் ‘மலேரியா’ என்று எழுதியாகிவிட்டால் மேலே உள்ள யாருக்கும் அது தெரிய வழியில்லை. மேற்கு ஆப்பிரிக்கப் பெரும் பரவல் கினியாவில் கெக்கெடு வட்டாரத்துக் கிராமமொன்றில் 2013 டிசம்பரில் தொடங்கியது. எபோலா என்று ஆய்வகம் உறுதி செய்தபோது 2014 மார்ச் ஆகிவிட்டது. நடுவில் காலராவா, ரத்தக்கசிவு உண்டாக்கும் இன்னொரு வைரஸ் நோயான லாஸா காய்ச்சலா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பரவல் அடங்குவதற்குள் 28,600-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்னொரு தேக்கம் வெளியே தெரியாது. ஒரு வாரம் நோயாளியே வரவில்லை என்றாலும் ‘0’ என்று எழுதி அனுப்பியாக வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் நோய் இல்லையா, ஆள் இல்லையா, சிக்னல் இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மாவட்டத்தில் 40 நிலையங்கள், அறிக்கை அனுப்பியவை 32 என்றால் 80 சதவீதம். வழக்கமான இலக்கு எட்டப்பட்டுவிட்டது. ஆனால் விடுபட்ட எட்டும் ஆற்றுக்கு அப்பால் ஒரே பகுதியில் இருந்தால் அந்த 80 சதவீதத்தால் பயனில்லை. நல்ல மாவட்ட அலுவலர் சதவீதத்தைப் பார்த்ததோடு நிற்க மாட்டார். எந்த நிலையம் தொடர்ந்து மூன்று வாரம் மௌனம் என்று பெயரோடு பார்ப்பார்.

வேகத்துக்கு இப்போது ‘7-1-7’ என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: நோய் தலைகாட்டிய 7 நாளுக்குள் கண்டறிய வேண்டும், 1 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடிக்க வேண்டும். மூன்றில் எது தவறியது என்று தேதி போட்டுப் பார்த்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை பேருக்கு வந்தால் ‘கொள்ளைநோய்’ என்று அறிவிப்பார்கள்? அந்த எண்ணை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: நோய்க்கு நோய் மாறும். எபோலாவில் உறுதியான ஒரே நோயாளி போதும். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது மூளையுறைக் காய்ச்சலில்தான் (மெனிஞ்சைடிஸ்). செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ‘மூளையுறைக் காய்ச்சல் பட்டை’யில் வறண்ட மாதங்களில் இது கிளம்பும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு இது. 30,000 முதல் 1,00,000 பேர் வரை உள்ள பகுதியில் வாரத்துக்கு லட்சத்தில் 3 பேர் என்றால் எச்சரிக்கை, 10 பேர் என்றால் கொள்ளைநோய். 30,000-க்கும் குறைவான மக்கள் என்றால் விகிதம் பார்ப்பதில்லை; ஒரே வாரத்தில் 2 பேர் எச்சரிக்கை, 5 பேர் கொள்ளைநோய்.

சிறு பகுதிகளாகப் பிரிப்பது ஏன்? 2,40,000 பேர் வாழும் மாவட்டத்தில் ஒரு வாரம் 12 நோயாளிகள் என்று கொள்ளுங்கள். லட்சத்துக்கு 5, எச்சரிக்கை மட்டும்தான். அந்த 12 பேரும் 60,000 பேர் உள்ள ஒரே உட்பகுதியைச் சேர்ந்தவர்கள் என்றால் லட்சத்துக்கு 20, அதாவது வரம்பைப் போல இரண்டு மடங்கு. மாவட்டச் சராசரிக்குள் ஒரு கொள்ளைநோய் ஒளிந்துகொள்வது இப்படித்தான். மக்கள்தொகை எண்ணே பழையதாக இருந்தால் கணக்கு இன்னும் தடுமாறும். பூசலுக்கு அஞ்சி வந்த அகதிகளால் ஊர் இரட்டிப்பாகியிருக்கும். வகுக்கும் எண் மட்டும் பழைய கணக்கெடுப்பிலேயே நிற்கும். விகிதம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். மக்கள் வெளியேறிய ஊரில் இதற்கு நேர்மாறு.

வரம்பைத் தாண்டினால் மட்டும் தடுப்பூசி வந்துவிடாது. எந்த வகைக் கிருமி என்று தெரிய வேண்டும். 2010-இல் புர்கினா ஃபாஸோ தொடங்கிப் போடப்பட்ட மென்ஆஃப்ரிவாக் என்ற தடுப்பூசி ‘ஏ’ வகையை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. 2017-இல் நைஜீரியாவின் ஸாம்ஃபாராவைத் தாக்கியதோ ‘சி’ வகை. அதற்கு அந்த ஊசி பயன்படாது. ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஐந்தையும் தடுக்கும் ஊசியை 2024-இல் நைஜீரியாதான் உலகிலேயே முதலில் மக்களுக்குப் போடத் தொடங்கியது.

கேள்வி: ஆய்வகத்துக்கு அனுப்பும் எல்லா மாதிரிகளையும் ஐஸ் பெட்டியில் வைத்தால் பத்திரம்தானே? – ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி

பதில்: இல்லை. மாதிரிகள் வீணாவதற்கு இந்த நினைப்பே ஒரு முக்கியக் காரணம். மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலில் போலியோ. இங்கே குளிர்ச்சி கட்டாயம். கைகால் துவண்ட குழந்தையிடமிருந்து இரண்டு மல மாதிரிகள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், துவண்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம். பெரியவர் கட்டைவிரல் அளவு. ஒன்று போதாதா என்று கேட்கலாம். மலத்தில் வைரஸ் விட்டுவிட்டுத்தான் வெளிவரும். ஒன்றில் அகப்படாதது மற்றொன்றில் அகப்படும். மாதிரி 4 முதல் 8 டிகிரிக்குள், மூன்று நாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும். முடியாவிட்டால் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் உருகிப்போய், குப்பி கசிந்து, படிவம் நனைந்திருந்தால் அது ‘தகுதியற்ற மாதிரி’. தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியையே இதற்கும் எடுத்துக்கொள்வது கூடவே கூடாது. மல மாதிரிக்குத் தனிப் பெட்டி, தனி அடையாளம்.

அடுத்து காலரா. இங்கே குளிர்ச்சி பகை. மலத்தில் தோய்த்த பஞ்சுக்குச்சியை, கிருமியை வழியில் சாகாமல் காக்கும் கேரி–பிளேர் ஊடகத்தில் செருகி, அறை வெப்பத்திலேயே அனுப்ப வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் காலராவின் விப்ரியோ கிருமி வளர்வது குறைந்துவிடும். பஞ்சு காய்ந்தாலும் கிருமி செத்துவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்தபிறகு எடுத்த மாதிரியில் ஒன்றும் வளரவில்லை என்றால் அதை வைத்து ‘காலரா இல்லை’ என்று சொல்ல முடியாது. மாதிரி முதலில், மருந்து பிறகு. அதற்காக உப்புச்சர்க்கரைக் கரைசலையோ நரம்பு வழியே திரவம் ஏற்றுவதையோ ஒரு நிமிடம்கூடத் தள்ளிவைக்கக் கூடாது. அவை மாதிரியைக் கெடுப்பதில்லை.

மூன்றாவது, மூளையுறைக் காய்ச்சலைக் கண்டறிய எடுக்கும் முதுகுத்தண்டு நீர். இதில்தான் தடுமாற்றம் அதிகம். கிருமி வளர ஊடகம் நிரப்பிய டிரான்ஸ்–ஐசொலேட் என்ற குப்பியைப் பயன்படுத்தும்வரை ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். பயன்படுத்துமுன் வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். நீரைச் செலுத்தியபின் மறுபடி ஃபிரிட்ஜ் பக்கமே போகக்கூடாது. மூளையுறைக் காய்ச்சல் கிருமி குளிரில் சாகும். ஒரே குப்பிக்கு முன்பாதி ஒரு விதி, பின்பாதி நேரெதிர் விதி! இரவுப் பணியில் இருப்பவருக்குக் குழப்பம் வராமல் இருந்தால்தான் வியப்பு. அனுப்புவது தாமதமாகும் என்றால் ரப்பர் மூடியில் பஞ்சடைத்த கிருமிநீக்கிய ஊசியைச் செருகிக் காற்றுப் போக்குக் கொடுக்க வேண்டும். வண்டியில் ஏற்றுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வழியெல்லாம் கசியும். மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்குத் தனியாகச் சிறு குழாயில் கொஞ்சம் எடுத்துவைத்தால், கிருமி செத்தாலும் அதன் மரபணுவை வைத்து வகையைச் சொல்லிவிடலாம்.

எந்த மாதிரியானாலும் மூன்றடுக்குப் பொதி: கசியாத குழாய், சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாம் உறை, வெளியே கெட்டிப் பெட்டி. படிவத்தை இரண்டாம் உறைக்குள் திணிக்காமல் அதற்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் வையுங்கள்.

கேள்வி: போலியோவே இல்லாத மாவட்டத்தில் கைகால் துவண்ட குழந்தைகளைத் தேடிக் கொண்டிருப்பது வீண் செலவு இல்லையா?

பதில்: போலியோ இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கியான்–பாரே என்ற நரம்பு நோய், முதுகுத்தண்டு அழற்சி, தவறான இடத்தில் போட்ட ஊசி என்று போலியோ அல்லாத காரணங்களாலும் குழந்தைகளுக்குக் கைகால் துவளும். 15 வயதுக்குட்பட்ட லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவராவது அப்படி அகப்பட வேண்டும்; ஆபத்து கூடிய நாடுகளில் இரண்டு. மூன்று லட்சம் குழந்தைகள் உள்ள மாவட்டம் ஆண்டு முழுக்க ஒருவரையும் அனுப்பவில்லை என்றால், அங்கே யாரும் தேடவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கைப் போலியோ வைரஸிலிருந்து விடுபட்டதாக 2020 ஆகஸ்ட் 25-இல் சான்று கிடைத்தது. 2022 பிப்ரவரியில் மலாவித் தலைநகர் லிலோங்வேயில் ஒரு குழந்தைக்கு அதே இயற்கை வைரஸ் இருப்பதாக அறிவித்தார்கள். மரபணு வரிசை பாகிஸ்தானில் புழங்கும் வகையோடு ஒத்துப்போனது. அடுத்து மொசாம்பிக்கிலும் கண்டார்கள். தேடுவதை நிறுத்தியிருந்தால் எத்தனை குழந்தைகள் முடங்கிய பிறகு தெரிந்திருக்குமோ!

கேள்வி: எபோலா சோதனையில் ‘இல்லை’ என்று வந்த பிறகும் நோயாளியை ஏன் வெளியே விடுவதில்லை?

பதில்: அறிகுறி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் வைரஸ் அளவு பிசிஆருக்கு எட்டாமல் இருக்கலாம். 72 மணி கடந்து எடுத்த மாதிரியிலும் இல்லை என்றால்தான் விடுவிப்பார்கள். படிவத்தில் ‘அறிகுறி தொடங்கிய தேதி’ காலியாக இருந்தால் இந்த முடிவையே எடுக்க முடியாது.

கேள்வி: 2014-இல் லாகோஸ் போன்ற மாநகரில் எபோலா நுழைந்தும் பரவாமல் தடுத்தது எப்படி?

பதில்: கொஞ்சம் அதிர்ஷ்டம், நிறைய நடை. ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த பயணி விமான நிலையத்திலேயே சுருண்டு விழுந்தார். அவரை மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பச் சொல்லி நெருக்கடி வந்தும் மருத்துவர் ஸ்டெல்லா அடடெவோ விடவில்லை. அந்த உறுதி ஒரு மாநகரைக் காத்தது. அவரோ தொற்று ஏற்பட்டு ஆகஸ்ட்டில் இறந்துபோனார்.

போலியோவுக்காக ஏற்கெனவே அவசரச் செயல்பாட்டு மையம் நடத்திப் பழகியிருந்தது நைஜீரியா. அதே பாணியில், அதே ஆட்களில் பலரைக் கொண்டு எபோலா மையத்தை விரைவாக அமைத்தார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த சுமார் 890 பேரை 21 நாட்கள் பின்தொடர்ந்தார்கள். நேரில் போய்ப் பார்த்த கணக்கு மட்டும் ஏறத்தாழ 18,500. போனில் ‘நலமா?’ என்று கேட்டால் ‘நலம்’ என்றுதான் பதில் வரும். வெப்பமானியோடு வாசலில் நின்றால்தான் காய்ச்சல் தெரியும். கண்காணிப்பிலிருந்து நழுவி போர்ட் ஹார்கோர்ட் என்ற நகரத்துக்குப் போன ஒருவரால் அங்கேயும் தொற்றுச் சங்கிலி உருவானது. மொத்தம் 20 நோயாளிகள், 8 மரணங்கள். அக்டோபர் 20 அன்று பரவல் முடிந்ததாக அறிவிப்பு வந்தது.

கேள்வி: முடிந்தது என்று அறிவிக்க 42 நாள் காத்திருப்பது ஏன்? அதற்குப் பிறகும் வருகிறதே?

பதில்: நோய் அரும்ப அதிகபட்சம் 21 நாள், அதன் இரண்டு மடங்கு 42. கடைசி நோயாளி குணமாகிச் சோதனையில் வைரஸ் இல்லை என்றான நாளிலிருந்தோ, இறந்திருந்தால் பாதுகாப்பான அடக்கம் முடிந்த நாளிலிருந்தோ எண்ணுவார்கள். அதன் பின்னும் 90 நாள் கூடுதல் விழிப்பு உண்டு.

பிறகும் வருவதற்குக் காரணம், குணமானவர்களில் சிலரது விந்து போன்ற சில உடல் திரவங்களில் வைரஸ் நெடுநாள் தங்குவது. 2021-இல் கினியாவில் மீண்டும் எபோலா வந்தபோது அதன் மரபணு வரிசை 2014-இன் வைரஸோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. வௌவாலிலோ மனிதருக்கு மனிதரோ இத்தனை ஆண்டு பரவியிருந்தால் மாற்றங்கள் பல மடங்கு கூடியிருக்கும். குணமான ஒருவரின் உடலில் உறங்கிக் கிடந்தது என்பதே பொருந்தும் விளக்கம். குணமானவர்களை ஒதுக்க இது காரணமாகிவிடக் கூடாது. ஒதுக்கினால் அவர்கள் தொடர் சோதனைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: மலேரியா ரேபிட் டெஸ்ட் ஏமாற்றுமா?

பதில்: ஏமாற்றும். பல கிட்கள் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி சுரக்கும் ஹெச்ஆர்பி-2 என்ற புரதத்தைத் தேடுகின்றன. அந்த மரபணுவையே இழந்த ஒட்டுண்ணி கிட்டுக்குப் புலப்படாது. எரித்ரியாவில் நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி தெரிந்தும் கிட் ‘இல்லை’ என்ற நோயாளிகள் பெருகியதால் 2016-இல் நாடே வேறு புரதத்தைத் தேடும் கிட்டுக்கு மாறியது. கிட்டோடு நுண்ணோக்கி ஸ்லைடையும் பார்க்கும் மருத்துவமனைகள் சில இருந்ததால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது.

கேள்வி: ஆப்பிரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இருக்கும்போது உலக சுகாதார நிறுவனமும் எதற்கு?

பதில்: முன்னது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்பு, 2017-இல் தொடங்கியது, அடிஸ் அபாபாவில் தலைமையகம். பன்னாட்டு விதிகளின்படி நாடுகள் அறிவிக்க வேண்டியது பின்னதிடம். குரங்கம்மைக்கு 2024 ஆகஸ்ட் 13-இல் முன்னதும், மறுநாள் பின்னதும் அவசரநிலை அறிவித்தன.

கேள்வி: கொரோனாவின் ஓமிக்ரான் உருமாற்றத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்கே விமானத்தை நிறுத்தினார்களே, இனி யார் உண்மையைச் சொல்வார்கள்?

பதில்: நியாயமான கோபம். புழக்கத்தில் இருந்த ஒரு பிசிஆர் கிட் வைரஸின் மூன்று இடங்களைத் தேடும். 2021 நவம்பரில் கௌடெங் மாகாணத்து மாதிரிகளில் இரண்டு இடம் தெரிந்து, எஸ் மரபணு மட்டும் தெரியாமல் போவது கூடிக்கொண்டே வந்தது. அதைக் கிட்டின் பழுது என்று தள்ளிவிடாமல் மரபணு வரிசை பார்த்தார்கள். போட்ஸ்வானாவிலும் அதே உருமாற்றம் சிக்கியது. நவம்பர் 24-இல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல். 26-இல் பெயர் சூட்டல். உடனே பயணத் தடைகள். ஆய்வகத்துக்கு வேண்டிய வேதிப்பொருள்களும் விமானத்தில்தான் வர வேண்டும் என்பதைத் தடை போட்டவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: வீட்டிலேயே இறப்பவர்களுக்கு மரணச் சான்றிதழே இல்லாதபோது, எந்த நோயால் இறந்தார்கள் என்று எப்படி ஆராய்ச்சி செய்கிறார்கள்?

பதில்: வரையறுத்த ஒரு நிலப்பரப்பில் எல்லா வீடுகளுக்கும் எண் போட்டு, பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு மூன்றையும் குறித்துக்கொண்டே வரும் ஆய்வுத் தளங்கள் உண்டு. செனகலின் நியாகர் 1962 முதல், கினி–பிசாவின் பண்டிம் 1978 முதல், தென்னாப்பிரிக்காவின் அகின்கோர்ட் 1992 முதல், கென்யாவின் கிலிஃபி 2000 முதல் இயங்குகின்றன. இறப்பு தெரிந்ததும் பயிற்சி பெற்ற களப்பணியாளர், கவனித்துக்கொண்ட உறவினரிடம் வரையறுத்த கேள்விகள் கேட்பார்: காய்ச்சல் எத்தனை நாள், மூச்சு வாங்கியதா, வலிப்பு வந்ததா, கழுத்து விறைத்ததா. ‘வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை’ என்பது இதுதான். துக்க நாட்களிலேயே போய் நின்றால் கதவு சாத்தப்படும். ஓராண்டு கழித்துப் போனால் நினைவு மங்கியிருக்கும். இறந்தவரைக் கடைசி நாட்களில் உண்மையில் பார்த்துக்கொண்டவர் யார் என்று விசாரித்து அவரிடமே பேச வேண்டும். குடும்பத் தலைவர் முன்வந்து பதில் சொல்கிறார் என்பதற்காக அவரிடமே முடித்துக்கொண்டால் பாதி அறிகுறி விட்டுப்போகும்.

இந்த முறையின் எல்லையும் தெரிந்ததே. குழந்தைகளில் மலேரியா, நிமோனியா, ரத்தத் தொற்று மூன்றையும் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ, மொசாம்பிக்கின் மானிசா, மாலியின் பமாகோ போன்ற இடங்களில், பெற்றோர் சம்மதித்தால், குழந்தை இறந்த சில மணி நேரத்துக்குள் நுரையீரல், கல்லீரல், மூளையிலிருந்து ஊசியால் சிறு திசு மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். உடலைக் கீறுவதில்லை, அடக்கமும் தள்ளிப்போவதில்லை. கிடைத்த முடிவைப் பெற்றோரிடம் போய் விளக்குவதும் அந்த ஆய்வின் ஒரு பகுதியே. அடுத்த குழந்தையைப் பற்றிய கேள்விகளோடு அவர்கள் காத்திருப்பார்கள்.